டேக் டூ!

தூர்தர்ஷனின் ஓ.பி. வேனுக்குள், அதாவது வெளிப்புற ஒளிபரப்பு வண்டிக்குள், எட்டிப் பார்க்க வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், உள்ளே ஏ.சி.யில் பல் கிட்டிக்கும். (குளிர் நமக்காக இல்லை, மெஷினுக்காக!) சுவர் முழுக்கக் குட்டிக் குட்டித் திரைகள். "கேமரா டூ ரெடி... டேக் டூ!" பொத்தானில் ஒரு விரல் தட்டுகிறது. அவ்வளவுதான், நம் வீட்டில் காட்சி மாறியாச்சு!

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது 1975 ஆகஸ்ட் 15. எண்பதுகளில் செங்கல்பட்டு மொட்டைமாடி ஆன்டெனாக்கள் வடகிழக்கே பார்த்து நிற்கும், மாமல்லபுரத்தில் வடக்கே. எல்லாம் சேப்பாக்கம் கோபுரத்தை நோக்கித்தான். எட்டியும் எட்டாத தூரம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' சினிமாப் பாட்டு வரும்போதுதானா புள்ளி புள்ளியாகணும்? மாடியில் ஒருத்தர் குழாயைத் திருப்ப, கீழேயிருந்து கத்தல்: "வந்துருச்சு... போயிருச்சு... அப்படியே பிடிச்சுக்கோ!"

அந்த மாமல்லபுரத்திலிருந்தே 2019 அக்டோபர் 11 மாலை உலகத்துக்குப் படம் போனது. பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் வந்த நாள்; தூர்தர்ஷனில் நேரலை.

கேமராக்காரர்களுக்கு என்ன சோதனை தெரியுமா? அர்ச்சுனன் தபசு கிழக்கு பார்த்த பாறை. சாயங்காலம் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால், சிற்பமெல்லாம் நிழலில். முன்னால் நிற்கும் இருவரும் வெள்ளைச் சட்டை, ஒருவர் வேட்டி வேறு! பாறையில் செதுக்கிய யானை தெரியட்டும் என்று ஐரிஸைத் திறந்தால் வேட்டி வெளுத்துப்போகும். வேட்டியைக் காப்பாற்றினால் யானை இருட்டுக்குள் போய்விடும். அந்த நடுப்புள்ளியை நேரலையில் பிடிப்பது வித்தைதான். ஐந்து ரதத்தில் இருவரும் இளநீர் குடித்ததைப் பார்த்து நாம் 'அட!' என்றோம். கடற்கரைக் கோயிலில் கலாக்ஷேத்ராவின் நடனம் வேறு.

அங்கே இன்னொரு எதிரி, காற்று. மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டினாலும் உர்ரென்று உறுமும். லென்ஸில் உப்பு படியும்; துடைத்தால் மறுபடி படியும்.

தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசையான பொதிகை 2024 ஜனவரி 19-இல் டிடி தமிழ் ஆனது. (எனக்குப் பொதிகைதான் பிடிக்கும், பெயரிலேயே தென்றல்!) நேயர் கடிதங்களுக்குப் பதில் சொன்ன 'எதிரொலி' நிகழ்ச்சியை மறுபடி கொண்டுவந்தால் என் கடிதம் தயார்: ஐயா, அடுத்த மாமல்லபுரம் நேரலையில் அந்தக் கடல் இரைச்சலைக் கொஞ்சம் கூட்டி வையுங்களேன்!