தகவல் துளி: நீரோரம் ஒரு மிதிவண்டிப் பாதை

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையின் வாழவந்தி நாட்டிலுள்ள செம்மேட்டுக்கு மிதிவண்டியில் செல்வோர், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்துகளோடும் சரக்கு வண்டிகளோடும் பகிர்ந்துகொண்டே ஏற வேண்டியுள்ளது. இதற்கு மாறாக, மோட்டார் வண்டிகள் நுழையாமல், நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் ஒதுக்கப்பட்ட தடம் ‘பசுமை வழி’ எனப்படுகிறது. ஸ்பெயின், கைவிடப்பட்ட இருப்புப் பாதைகளை 1993 முதல் இத்தகைய வழிகளாக மாற்றிவருகிறது; ‘யூரோவெலோ 6’ என்னும் நெடுந்தடமோ லுவார், தன்யூப் ஆறுகளை ஒட்டிச் சென்று, அட்லாண்டிக் கடற்கரையைக் கருங்கடலோடு இணைக்கிறது. வாய்க்கால் கரைகளும் இத்தகைய வழிகளுக்கு ஏற்றவை: நீர் தானே வழிந்தோடும் வகையில் மிகச் சிறிய சரிவில் வெட்டப்படுவதால், வாய்க்காலின் கரை ஏறக்குறையச் சமதளமாக அமைந்து, முதியோரும் சிறாரும் மூச்சிரைக்காமல் மிதிக்க இடந்தருகிறது. அதே நாமக்கல் மாவட்டத்தில், ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலின் கரையும் இவ்வியல்பினதே. ஆதலால், மலையேற இயலாதோர்க்கும் பயணத்தின் இன்பம் கிட்ட, இத்தகைய கரைகளைப் பசுமை வழிகளாகப் பேணுவது பெரிதும் விரும்பத்தக்கது.