தண்டவாளத்தில் ஓடும் ரம்பம்

ரயில்தான் தண்டவாளத்தில் ஓடும் என்று எண்ணியிருப்பீர்கள். ரம்பமும் ஓடுகிறது, நேயர்களே!

அரூரிலோ பென்னாகரத்திலோ புது வீடு கட்டுகிறீர்கள். வயரிங் வேலை முடியவில்லை. அலமாரிக்கான பிளைவுட்டோ வந்து இறங்கிவிட்டது. எட்டடிப் பலகையை ஆசாரியார் கோணாமல் அறுத்தாக வேண்டும். கோணினால் உங்கள் பணம் போயிற்று! அங்கேதான் பாட்டரியில் ஓடும் 'டிராக் ஸா' கை கொடுக்கிறது.

வாங்குமுன் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, பாட்டரி. மக்கீட்டாவின் டி.எஸ்.பி.600 ரகம் 18 வோல்ட் பாட்டரிகள் இரண்டைப் பூட்டி, 36 வோல்ட்டில் ஓடுவது. இரண்டாவது, தண்டவாளம். பலகையின் நீளம் 2,440 மில்லிமீட்டர். 1,400 மில்லிமீட்டர் தண்டவாளம் ஒன்று போதாது, இரண்டை இணைக்க வேண்டும். மூன்றாவது, வில்லை. பிளைவுட்டுக்கு 48 பல் வேண்டும். தேக்கை நீளவாக்கில் கிழிக்கப் பல் குறைந்ததே நல்லது.

தண்டவாள ஓரத்து ரப்பர் பட்டையை முதல் அறுப்பில் ரம்பமே தன் அளவுக்குச் சீவிக்கொள்ளும். பிறகு அந்த ஓரத்தைப் பென்சில் கோட்டில் வைத்தால் போதும். வெட்டு அங்கேயே விழும். நமக்கு வேண்டிய துண்டின்மேல் தண்டவாளம் இருந்தால் சிராய் பெயராது. பலகையின் கனத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழம் அதிகம் வையுங்கள்.

வில்லை முழு வேகம் பிடித்த பிறகே மரத்தில் இறக்குங்கள். மரம் இறுக்கினால் ரம்பம் பின்னோக்கி உதைக்கும்; நேர் பின்னே நிற்காதீர்கள். வில்லை மாற்றுமுன் பாட்டரியைக் கழற்றிவிடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 1995-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்திருக்கிறது, முகமூடி அவசியம்.

பலகை கெட்டால் வேறு வாங்கலாம். விரலை எந்தக் கடையில் வாங்குவது?