ஒரு மனிதரின் விலை 16 பவுண்டு, 10 ஷில்லிங்

1832 மே 23. ஜமைக்கா தீவின் மான்டிகோ பே நகரத் திடலில் சாமுவேல் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அவர் எழுதப் படிக்கத் தெரிந்த ஓர் அடிமை. பாப்டிஸ்ட் சபையில் டீக்கன். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்த பிறகு கூலி தராவிட்டால் யாரும் கரும்புத் தோட்டத்தில் இறங்கக் கூடாது என்று ஊர் ஊராகச் சொல்லி வைத்ததுதான் அவர் செய்த குற்றம். 1831 டிசம்பர் இறுதியில் தொடங்கிய அந்த வேலைநிறுத்தம், தோட்டங்கள் எரியத் தொடங்கியதும் பெரும் கிளர்ச்சியானது. சுமார் 60,000 அடிமைகள் அதில் பங்கேற்றதாகக் கணிக்கப்படுகிறது. வெள்ளையர் தரப்பில் இறந்தவர்கள் 14 பேர். கிளர்ச்சியாளர்களில் 300-க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

ஷார்ப் இறந்த பின் ஓர் இழப்பீடு வழங்கப்பட்டது: ஜமைக்கா நாணயத்தில் 16 பவுண்டு, 10 ஷில்லிங். அது அவருடைய குடும்பத்துக்குப் போகவில்லை. 'சொத்தை' இழந்தார் என்று அவருடைய உரிமையாளருக்குப் போனது.

எண்கள் சொல்லும் கதை

அட்லாண்டிக் அடிமை வணிகம் நடந்த மூன்றரை நூற்றாண்டுகளில் ஆப்பிரிக்கக் கரையில் கப்பல் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர். உயிரோடு மறுகரை சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடியே 7 லட்சம். மீதி 18 லட்சம் பேர் கடலிலேயே போனார்கள்.

ஜமைக்காவில் மட்டும் இறக்கப்பட்டவர்கள் 10 லட்சம் அளவில். ஒரு பகுதியினர் அங்கிருந்து வேறு காலனிகளுக்கு விற்கப்பட்டார்கள். அப்படியே கழித்தாலும், 1834-இல் அங்கே எஞ்சியிருந்த அடிமைகள் 3 லட்சத்து 11 ஆயிரம் பேர்தான். வட அமெரிக்காவில் நேரடியாக இறக்கப்பட்டவர்களோ 4 லட்சத்துக்கும் குறைவு. 1860-இல் அங்கே அடிமைகள் ஏறத்தாழ 40 லட்சம். அங்கே பெருகினார்கள், இங்கே தேய்ந்தார்கள். முதன்மைக் காரணம் சர்க்கரை.

கரும்புத் தோட்டத்தில் ஆட்களை மூன்று கூட்டங்களாகப் பிரிப்பார்கள். உடல் வலுவுள்ள ஆண்களும் பெண்களும் முதல் கூட்டம். குழி வெட்டுவதும் கரும்பு வெட்டுவதும் அவர்கள் வேலை. இளையவர்களும் தளர்ந்தவர்களும் இரண்டாவது. களை பறிக்கும் சிறு பிள்ளைகள் மூன்றாவது. வயலில் பெண்களே அதிகம். கர்ப்பிணிக்கும் சாட்டை உண்டு. அறுவடைக் காலத்தில் ஆலை இரவிலும் ஓடும். தூக்கக் கலக்கத்தில் கரும்போடு கையும் உருளையில் சிக்கினால் வெட்டி எடுப்பதற்காக, பக்கத்திலேயே கோடரி வைத்திருந்தார்கள்.

அந்த வாழ்விலும் அவர்கள் தங்களுக்கென்று சிலவற்றை உண்டாக்கினார்கள். மலைச்சரிவில் கொடுக்கப்பட்ட துண்டு நிலத்தில் கிழங்கும் வாழையும் பயிரிட்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் விற்றார்கள். பிறந்த கிழமையால் குழந்தைக்குப் பெயர் வைக்கும் ஆப்பிரிக்க வழக்கத்தையும் விடவில்லை.

இழப்பீடு யாருக்கு?

ஷார்ப் தூக்கிலிடப்பட்ட அடுத்த ஆண்டே, 1833-இல், பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு ஒதுக்கிய இழப்பீடு 2 கோடி பவுண்டு. அன்றைய அரசின் ஆண்டுச் செலவில் சுமார் 40 விழுக்காடு. ஏறத்தாழ 8 லட்சம் அடிமைகளுக்காகச் சுமார் 46,000 கோரிக்கைகள் வந்தன. யார் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்ற பதிவு இன்றும் பத்திரமாக இருக்கிறது. இதற்காக வாங்கிய கடனின் கடைசி மிச்சம் தீர்ந்தது 2015-இல். அதுவரை பிரிட்டனில் வரி கட்டியவர்களில், அடிமைகளின் வழிவந்தவர்களும் இருந்தார்கள்.

அடிமைகளுக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. 'பயிற்சித் தொழிலாளர்' என்ற புதுப் பெயரில் 1838 ஆகஸ்ட் 1 வரை பழைய எஜமானரிடமே கூலியில்லாமல் உழைத்தார்கள். விடுதலை வந்தபோதும் நிலம் கைமாறவில்லை.

நமக்கும் இந்தக் கணக்குக்கும்

அதே 1833 சட்டம் ஒரு விலக்கு வைத்தது. கிழக்கிந்திய கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அது பொருந்தாது. ஆகவே சென்னை மாகாணத்தில் நிலத்தோடு சேர்த்து விற்கவும் அடகு வைக்கவும்பட்ட நம் முன்னோர், அந்தச் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை. 1843-இன் ஐந்தாம் சட்டம்தான், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. இங்கும் நிலம் பண்ணையாரிடமே இருந்தது. சட்டம் வந்த பிறகும் பண்ணையாள் பண்ணையாளாகவே தொடர்ந்தார்.

இந்த உறவை நம் தலைவர்கள் முன்பே கண்டார்கள். ஜோதிராவ் புலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, கறுப்பின மக்களின் விடுதலைக்கு உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் படியைக் கேட்டு, அம்பேத்கர் 1946-இல் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.

கரீபிய நாடுகள் 2013-இல் ஓர் ஆணையம் அமைத்து, ஐரோப்பிய அரசுகளிடம் இழப்பீடு கேட்டு வருகின்றன. "இருநூறு ஆண்டுக்கு முந்தைய கதைக்கு இப்போது எதற்குப் பணம்?" என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு. பஞ்சமி நிலத்தைக் கேட்கும்போது நாம் கேட்டுப் பழகிய கேள்விதான். பழைய கணக்கு என்றால், எஜமானர்களுக்குப் பட்ட கடனை மட்டும் 2015 வரை எப்படிக் கட்டினார்கள் என்பதே அதற்குப் பதில்.

சாமுவேல் ஷார்ப் 1975-இல் ஜமைக்காவின் தேசிய வீரராக அறிவிக்கப்பட்டார். மான்டிகோ பே நகரின் மையத் திடல் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்த 16 பவுண்டு, 10 ஷில்லிங் கணக்கு மட்டும் இன்னும் திருத்தப்படவில்லை.