துருவுக்குப் பின் வந்த கறுப்பு

அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ரஷ்ய ரைபிள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெயர் மோசின்-நாகாண்ட் 1891/30. குழலின் மேல் 1943 என்ற ஆண்டு பொறித்திருக்கிறது. ஆனால் இரும்பு கன்னங்கரேலென்று புதிதாயிருக்கிறது, மரக்கட்டையோ பளபளக்கிறது. போர்முனைக்குப் போய்வந்த துப்பாக்கியா இது, போலியா என்று உங்களுக்கு ஐயம் எழும்.

போலியாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. 1945-இல் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், சோவியத் படைக்கலச் சாலைகள் இத்தகைய ரைபிள்களை ஏராளமாகப் பிரித்துப் பழுதுபார்த்துச் சேமிப்பில் வைத்தன. அப்படிச் செப்பனிட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? எது முந்தியது, எது பிந்தியது என்று கேட்டுப் பாருங்கள்.

முதலில் இரும்பைப் பார்ப்போம். அந்தக் கறுப்பு பெயிண்ட் அல்ல. எஃகைக் கறுப்பாக்கும் முறைகளுள் ஒன்று இது: காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலைச் சுமார் 140 டிகிரி செல்சியசுக்குக் காய்ச்சி, எஃகை அதில் அமிழ்த்துவார்கள். எஃகின் மேற்பரப்பு மாக்னடைட் என்னும் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறிவிடும். செந்துருவைப் போல இது உதிராது. ஆனால் படலம் மிக மெல்லியது; ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். எனவே அடியிலுள்ள குழிகளை அது நிரப்பி மறைக்க முடியாது. துரு அரித்த குழியின் உட்புறமும் கறுப்பாயிருந்தால் துரு முந்தியது, கறுப்பு பிந்தியது. கறுப்பைப் பிளந்துகொண்டு செந்துரு கிளம்பியிருந்தால் வரிசை நேர்மாறு. கறுப்பேற்றுமுன் நன்றாகத் தேய்த்திருந்தால், கூர்மையான விளிம்புகளும் முத்திரை எழுத்துகளும் மழுங்கியிருக்கும்.

மரத்தின் பளபளப்புக்குக் காரணம் அரக்கு. நம் நாட்டில் பலாச மரத்தில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் அதே பிசின்தான்! ஆனால் தொழிற்சாலையிலேயே அரக்குப் பூசி வந்த துப்பாக்கிகளும் உண்டு. ஆகவே அரக்கு இருப்பது மட்டும் சான்றாகாது. அடிபட்ட பள்ளத்துக்குள்ளும் கீறலுக்குள்ளும் அரக்கு தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், அடி விழுந்த பிறகு பூசியது.

எண்களையும் விடாதீர்கள். குழல், போல்ட், தோட்டாப் பெட்டியின் அடித்தகடு ஆகியவற்றில் ஒரே தொடர் எண் இருக்கவேண்டும். பிரித்துப் பூட்டும்போது பாகங்கள் இடம் மாறிவிடுமல்லவா? அதனால் பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புது எண்ணைப் பொறித்தார்கள். சதுரத்துக்குள் மூலைவிட்டம் போட்ட சிறு முத்திரையும் பல துப்பாக்கிகளில் தென்படும். செப்பனிட்டதற்கு அடையாளம் அது.

அரக்கு சாராயத்தில் கரையும். அதைக் கொண்டு துடைத்து, 1943-ஆம் ஆண்டின் தோற்றத்தை மீட்கப் பார்க்கும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள். 1943 திரும்புவதில்லை, பள்ளத்துக்குள் இருந்த சான்றும் துணியோடு போய்விடுகிறது.