இரைகிற போனும் ஈரமில்லாத மண்ணும்

ஐப்பசி பிறந்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசலுக்கு மழையோடு இடியும் வந்து சேரும். எம்.ரெட்டியபட்டி மாதிரி ஊரில் தரைவழி போனும் நாலைந்து இண்டர்காமும் வைத்திருக்கும் கமிஷன் கடைக்கு அதுதான் சோதனைக் காலம். ரிசீவரை எடுத்தால் ஒரே இரைச்சல். லைனையும் இண்டர்காமையும் இணைக்கும், சுவரில் மாட்டிய இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி போய்விட்டதென்றே பலரும் முடிவு கட்டுவார்கள்.

அவசரம் வேண்டாம். வெளியிலிருந்து வரும் லைனைப் பெட்டியிலிருந்து கழற்றி, சாதாரண போன் ஒன்றை நேரடியாக அதில் மாட்டிப் பார்க்க வேண்டும். இரைச்சல் தொடர்ந்தால் பழுது வெளிக்கம்பியில். நின்றுவிட்டால் பெட்டியிலோ கடைக்குள் ஓடும் வயரிலோ தேட வேண்டும்.

அடுத்தது மல்டிமீட்டர். ரிசீவர் வைத்திருக்கும்போது இரண்டு கம்பிகளுக்கும் இடையே சுமார் 48 வோல்ட் நேர்மின்சாரம் காட்டும். எடுத்ததும் பத்து வோல்ட் அளவுக்கு இறங்கும். வைத்த நிலையிலேயே வெகுவாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. மணி அடிக்கும்போது சுமார் 75 வோல்ட் மாறுமின்சாரம் ஓடும் என்பதால் வெறுங்கையால் கம்பியைத் தொடக்கூடாது.

அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது? பக்கத்தில் போகும் கரண்டு கம்பியின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு போன் கம்பிகளில் எப்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. இரண்டையும் முறுக்கி வைத்திருப்பதால் இரண்டிலும் சம அளவில் ஏறி, ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. கிரகாம் பெல் 1881-லேயே காப்புரிமை பெற்ற உத்தி இது. மழைநீர் இறங்கிய ஜாயிண்டில் ஒரு கம்பி மட்டும் மண்ணோடு கசிந்தால் அந்தச் சமநிலை கெடுகிறது, அதிர்வு காதில் விழுகிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டிய இடம் பச்சை பூத்த ஜாயிண்டுகள்.

மின்னலில் பெட்டியே கருகிப்போவது வேறு கதை. 1984-ல் தொடங்கிய அரசுத் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட், நம் கிராமத்து வெயிலில் ஏ.சி. இல்லாமலே ஓடும் 128 முனை இணைப்பகத்தை வடிவமைத்தது. வெயிலுக்கு அப்படி வழி பிறந்தது. மின்னலுக்குப் பாதுகாப்பு எர்த்து குழியில்தான். மின்னல் தடுப்பான் மின்னோட்டத்தை மண்ணுக்குத் திருப்பிவிடத்தான் செய்யும், மண் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். கோடையில் காய்ந்து பிளந்த மண் வாங்காது. கரியும் உப்பும் போட்ட குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அதற்காகத்தான். போனுக்கும் கரண்டுக்கும் தனித்தனி எர்த்து வைத்து அவற்றை இணைக்காமல் விடுவதும் தவறு: மின்னல் விழும்போது இரண்டுக்கும் இடையே எழும் மின்னழுத்தம் பெட்டிக்குள் புகுந்து லைன் கார்டைக் கருக்கிவிடும்.

கடைக்காரர்களே, சித்திரையிலேயே எர்த்து குழிக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். மேகம் கறுத்ததும், இடி நெருங்கும் முன்பே, பெட்டியின் பிளக்கையும் போன் லைனையும் கழற்றிவிடுங்கள்.