உடம்பும் உழைப்பும் – 14: அளத்துக்குப் போகிறவளுக்கு எது தோது?

"மாத்திரை போட்டா மண்டை இடிக்குக்கா. பிள்ளைகமேல எரிஞ்சு எரிஞ்சு விழுதேன். வேற ஏதாவது இருந்தாச் சொல்லுங்க."

ஓட்டப்பிடாரம் பக்கத்துச் சுகாதார நிலையம் ஒன்றில், இரண்டு வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நர்ஸம்மாவிடம் கேட்டது இது. வேலை உப்பளத்தில். போன வாரம் கருத்தடை மாத்திரையைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் அவளுடைய 'வேற ஏதாவது'.

அவள் சொன்னது மனப்பிரமை இல்லை. 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்று அரசு இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரையில் 30தான். அப்படிக் குறைத்த பிறகும் சிலருக்குத் தலைவலி, குமட்டல், மனச்சோர்வு வருகிறது. பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் அடங்கிவிடும். அடங்காதவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கவேண்டிய அவசியமே இல்லை. இரத்த அழுத்தம் கூடியவர்களும், கண்ணில் மின்னல் வெட்டி ஒற்றைத் தலைவலி வருகிறவர்களும் இந்த மாத்திரையைத் தொடவே கூடாது.

ஹார்மோன் வேண்டாம் என்றால் முதலில் கைகாட்டப்படுவது கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டி. அதிலுள்ள செம்பு விந்தணுவைச் செயலிழக்க வைக்கிறது. உடம்பில் ஹார்மோன் எதுவும் சேர்வதில்லை. 380ஏ என்ற வகை பத்து ஆண்டுக்கும், 375 என்ற வகை ஐந்து ஆண்டுக்கும் தாங்கும். வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். அது மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்ற பயம் இன்னும் ஊர்களில் இருக்கிறது. கருப்பையிலிருந்து நெஞ்சுக்கு வழியே கிடையாது.

ஆனால் ஹார்மோன் இல்லை என்பதாலேயே தொந்தரவும் இல்லை என்று ஆகிவிடாது. காப்பர்-டி போட்ட முதல் சில மாதங்களுக்கு உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடும். வேப்பலோடை, தருவைக்குளம் பக்கத்து அளங்களை நினைத்துப் பாருங்கள். உச்சி வெயில், காலுக்கடியில் உப்புநீர், கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒதுங்க மறைவில்லை. அங்கே நின்று உப்பு வாருகிறவளுக்குக் கூடுதல் உதிரப்போக்கு என்பது ஒரு நாள் கூலி. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை வேறு. மாதவிடாயில் ஏற்கெனவே உதிரப்போக்கு அதிகம் உள்ளவர்களுக்கு முதலில் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டுத்தான் காப்பர்-டி பற்றிப் பேசவேண்டும் என்பேன். அவர்களுக்குக் கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனமே கூடப் பொருந்தலாம். அதில் இரத்தத்தில் கலக்கும் ஹார்மோன் மிகக் குறைவு, உதிரப்போக்கும் குறையும். விலைதான் அதிகம்.

நம் நாட்டிலேயே பிறந்த ஒரு விடையும் உண்டு. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தில் நித்யா ஆனந்த் குழுவினர் உருவாக்கிய சென்ட்குரோமேன். 1991இல் 'சகேலி' என்று சந்தைக்கு வந்தது. சகேலி என்றால் தோழி. இப்போது அரசு நிலையங்களில் 'சாயா' என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. இது ஸ்டீராய்டு ஹார்மோன் இல்லை. சினைப்பையின் வேலையை நிறுத்தாமல், கருப்பையின் உட்சுவர் கருவைத் தாங்கும் பக்குவத்துக்கு வராமல் பார்த்துக்கொள்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு மாத்திரை, பிறகு வாரத்துக்கு ஒன்று. பால் கொடுக்கிறவர்களும் போடலாம். மாதவிடாய் தள்ளிப்போகும், போக்கும் குறையும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் 'நின்னுட்டே' என்று பதறிப் பாதியில் விட்டுவிடுவார்கள். பிசிஓடி, கல்லீரல் நோய், காசநோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது. குறித்த கிழமை தவறாமல் போடவேண்டும் என்பதால் அதைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் 'அந்தரா' ஊசி முழுக்க ஹார்மோன். போட்டபின் ஒத்துக்கொள்ளாவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. மாத்திரையே ஒத்துக்கொள்ளாதவள் நன்றாக யோசித்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

இதுவரை சொன்ன வழிகள் எல்லாமே பெண்ணுக்கானவை. கர்ப்பத்தடையைப் பெரியார் பேசிய காலத்தில் மற்றவர்கள் தாயின் உடல்நலம், நாட்டின் வறுமை என்று காரணம் சொன்னார்கள். அவர் பெண்ணின் விடுதலைக்காக என்றார். அந்த விடுதலைக்கான பாரத்தையும் பெண்ணின் உடம்பே சுமக்கிறது என்பதுதான் என் ஆதங்கம். ஆணுறையில் ஹார்மோன் இல்லை. தழும்பில்லா வாசக்டமி சில நிமிட வேலை. பிறகு மூன்று மாதம் பொறுத்து விந்துப் பரிசோதனை, அவ்வளவுதான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாட்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலானவை ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயமாக. அந்தப் பயத்தில் விலகிய ஆண்கள் திரும்பி வரவேயில்லை. இன்று தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். அறுவை செய்துகொண்ட ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அன்று அந்தப் பெண் சாயா அட்டையை வாங்கிக்கொண்டு போனாள். அவள் கணவர் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தார். இதைப் படிக்கும் கணவன்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை வண்டியை நிறுத்திவிட்டு நீங்களும் உள்ளே வாருங்கள்.