பழைய வண்டியும் பழகிய மின்கலமும்

1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர்கள் அக்காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். பொருளாதாரத் தடையினால் பெற்றோல் கிடைப்பது அரிதாயிற்று. பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் வண்டிகள் சில துளி பெற்றோலினால் உயிர்ப்பிக்கப்பட்டு, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. கரும்புகை பின்தொடர, நோயாளரையும் மணமக்களையும் அவை சுமந்து சென்றன. எந்த ஊர் மெக்கானிக்கும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய எளிய இயந்திரம் என்பதே அவற்றின் சிறப்பு.

2022இல் அத்தட்டுப்பாட்டை நாடு முழுவதும் அனுபவித்தது. பெற்றோல் நிலையங்களின் முன் வண்டிகள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. ஜூன் மாத இறுதியில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. அவ்வரிசைகளில் நில்லாது அமைதியாகக் கடந்து சென்ற சில வண்டிகளும் இருந்தன. 2014, 2015ஆம் ஆண்டுகளில், இறக்குமதி வரி குறைவாயிருந்த வேளையில், யப்பானிலிருந்து பயன்படுத்திய நிலையில் வந்திறங்கிய நிசான் லீப் மின்கார்களே அவை. அன்று முதல் பல வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துள்ளது: தந்தை வாங்கிய பெற்றோல் காரை விற்று, பழைய மின்கார் ஒன்றை வாங்கலாமா?

மின்காரின் நன்மை மெய்யானது. பெற்றோல் இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கையே சக்கரங்களுக்கு அளிக்கிறது. மிகுதி வெப்பமாய் வீணாகிறது. மின்மோட்டாரோ பெரும்பகுதியை ஓட்டத்துக்குக் கொடுக்கிறது. அதற்கு எஞ்சின் ஒயில் இல்லை, கிளச் இல்லை, புகைக்குழாய் இல்லை. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி மின்கலத்துக்கு ஓரளவு ஆற்றலைத் திருப்பி அளிப்பதால், பிரேக்குகளும் நெடுநாள் உழைக்கின்றன.

ஆனால், பழைய மின்காரை வாங்குபவர் உண்மையில் வாங்குவது அதன் மின்கலத்தையே என்பதை மறத்தலாகாது. பெற்றோல் தாங்கி ஆண்டுகள் சென்றாலும் சுருங்குவதில்லை. மின்கலத்தின் கொள்ளளவோ ஆண்டுதோறும் சுருங்குகிறது. அதன் முதற் பகைவன் வெப்பம். லீப் காரின் மின்கலத்தைக் குளிர்விக்கத் தனிச் சாதனம் எதுவும் இல்லை. அமெரிக்காவில் அரிசோனாவின் கடும் வெயிலில் ஓடிய வண்டிகளின் மின்கலங்கள் விரைந்து தளர்ந்தன என்ற முறைப்பாடு 2012இலேயே எழுந்தது. நமது நாட்டு வெயிலும் இலேசானதன்று.

2011ஆம் ஆண்டின் லீப் காரில் 24 கிலோவாற்று மணி கொள்ளளவுள்ள மின்கலம் இருந்தது. புதிதாயிருந்தபோது அது ஒரு மின்னேற்றத்தில் 117 கிலோமீற்றர் ஓடும் என அமெரிக்க அரசின் அளவீடு கூறியது. கொள்ளளவு 70 வீதமாகக் குறைந்தால் ஏறத்தாழ 80 கிலோமீற்றரே எஞ்சும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை சென்று திரும்ப அது போதும். வவுனியாவை எட்டப் போதாது.

கருவித் தட்டில் மின்கல நிலையைக் காட்டும் பன்னிரண்டு கோடுகள் உண்டு. முதற்கோடு மறையும்போதே ஏறத்தாழ 15 வீதம் குறைந்துவிட்டது என்பது பொருள். அக்கோடுகளையும் முழுதாய் நம்பற்க. கணிப்பொறியைத் திருத்திக் கோடுகளை மீண்டும் நிரம்பியதாகக் காட்டும் வஞ்சகரும் உளர். முழுமையாக மின்னேற்றிய வண்டியைப் பெற்று, நால்வரை ஏற்றி, ஐம்பது கிலோமீற்றர் ஓட்டிப் பார்ப்பதே நேர்மையான பரீட்சை. விற்பவர் அதற்கு இணங்க மறுத்தால், அம்மறுப்பே விடையாகும். உயர் அழுத்த மின்சாரம் பாயும் செம்மஞ்சள் நிற வடங்களைப் பயிற்சியற்றவர் தொடவும் கூடாது. சொந்தமாகத் திருத்திப் பழகியவர்களுக்கு இவ்வெச்சரிக்கை மிகவும் அவசியம்.

அடுத்து வீட்டின் மின்கட்டணம். சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிற்றுக்கு இக்கார் ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் ஓடுகிறது. மாதம் 600 கிலோமீற்றர் ஓடினால் 120 யூனிற்றுகள் கூடும். பயன்பாடு பெருகப் பெருக யூனிற்றின் விலையும் உயரும் நமது கட்டண முறையில், காருக்காக ஏற்றிய மின்சாரம் வீட்டு விளக்கின் விலையையும் உயர்த்திவிடக்கூடும். கூரையில் சூரியத் தகடு உள்ளவர்க்கு இக்கவலை குறைவு.

வரிசையில் நில்லாத அவ்வண்டிகளும் 2022இல் முற்றிலும் தப்பிவிடவில்லை. அவ்வாண்டு மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது. மேலும், மின்கார் புகை கக்காவிடினும், நுரைச்சோலையில் எரியும் நிலக்கரி அதற்கும் சேர்த்தே புகைகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றைச் சார்கிறோமேயன்றி, சார்பிலிருந்து முற்றாக விடுபடுவதில்லை.

ஆகவே, அவசரப்படாதிருப்போமாக. ஒரு மாதம் நமது பழைய வண்டி நாள்தோறும் ஓடும் தூரத்தைக் குறிப்பேட்டில் எழுதி வருவோம். பாடசாலை, சந்தை, வேலைத்தலம், ஆலயம் என்று அன்றாட ஓட்டம் நாற்பது கிலோமீற்றருக்குள் அடங்குமாயின், நல்ல மின்கலமுள்ள பழைய மின்கார் அக்குடும்பத்துக்கு நன்மை பயக்கும். மாதந்தோறும் கொழும்புப் பயணம் உள்ளவர்க்கும், வட்டிக்குக் கடன்பட்டே வாங்க வேண்டியவர்க்கும், பழைய வண்டியைச் செப்பமாகப் பேணுவதே இப்போதைக்கு அறிவுடைமை.

அதனை விற்கும் நாள் வரும்போது, வாங்க வருபவரிடம் அதன் குறைகளையும் மறையாது சொல்வோம். மின்கார் விற்பவரிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையை நாமும் பிறருக்குக் காட்டுதல் கடனன்றோ?